உறையோடு சேர்ந்ததே கத்தி

எங்கள் தோட்டத்துக் கொட்டகையில் ஒரு கத்தி இருக்கிறது. அலகு நாலு அங்குலம், புளியங்கட்டைப் பிடி, இடுப்பு வாரில் கோத்துக்கொள்ளத் தோலுறை. வாழையிலை அறுக்க, முருங்கைக் கொப்பு கழிக்க, உரச்சாக்கின் தையலைப் பிரிக்க அதைத்தான் எடுக்கிறேன். நானே செய்த கத்தி அது. நாலு மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குச் செலவாயின. பாதி அலகுக்கு, பாதி உறைக்கு.

திருப்பாச்சேத்தி அருவாளுக்குப் பேர்போன சிவகங்கைச் சீமையில், சாலையோரத்துப் பட்டறை ஒன்றில்தான் கற்றுக்கொண்டேன். முதல் நாள் கையோடு ஒரு முழம் கட்டடக் கம்பி கொண்டுபோயிருந்தேன். ஆசாரி அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். "இது கட்டடத்துக்குத்தான் ஆகும் தம்பி. எவ்வளவு துவைச்சல் போட்டாலும் வாய் நிக்காது" என்றவர், பழைய லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்றை எடுத்து உலையில் செருகினார். துவைச்சல் என்பது சூடேற்றிய எஃகைச் சட்டென்று முக்கிக் கடினமாக்குவது, வாய் என்பது அலகின் கூர் விளிம்பு. அந்த வாய் நிற்காததற்குக் காரணம் கரிச்சத்து. கட்டடக் கம்பியில் அது நூற்றுக்குக் கால் பங்கு அளவில்தான் இருக்கும். லாரிப் பட்டையில் அரைப் பங்குக்கு மேல். அந்தச் சிறு வித்தியாசம்தான் ஓர் இரும்பைக் கூர் தாங்கும் எஃகாக்குகிறது.

இந்த அறிவு நம் மண்ணில் பழையது. நொய்யல் கரைக் கொடுமணலில் இரும்பும் எஃகும் ஆக்கிய உலைகளின் தடயங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. குகை எனப்படும் மண் கலத்துக்குள் இரும்பையும் தாவரப் பொருளையும் இட்டு, வாயை அடைத்து, நெடுநேரம் ஊதிக் கரிச்சத்தை ஏற்றிய எஃகு தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து போனது. பட்டறைக்காரரிடம் இந்த வரலாற்றைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே பட்டையைத் திருப்பிப் போட்டார். அவர் கை அந்த வரலாற்றின் தொடர்ச்சிதான்.

சீமைக்கருவேலங்கரி நின்று எரியும். பட்டை செக்கச்சிவந்ததும் குறட்டால் பிடித்துப் பட்டடையில் வைத்து, சுத்தியால் தட்டி நீட்டினோம். இரண்டு வாரம் அரத்தோடு போயிற்று. துவைச்சலுக்கு முன்பே வாயை முழுக்க மெல்லிதாக்கிவிடக் கூடாது. அரை மில்லிமீட்டர் கனமாவது விட்டுவைக்க வேண்டும். அதற்கும் மெலிந்தால் சூட்டில் வளையும், கீறல் விடும்.

அதன்பிறகு துவைச்சல். ஆசாரி வெளியே போயிருந்த நேரம். அலகு நன்றாகச் சிவந்திருந்தது. பொறுக்க முடியாமல் எடுத்து முழுதாகத் தண்ணீரில் அமிழ்த்தினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். வாயிலிருந்து முதுகு வரை மயிரிழைக் கீறல். மூன்று வார உழைப்பு அந்த ஒரு நொடியில் போனது. திரும்பி வந்தவர் திட்டவில்லை. கீறலை நகத்தால் தடவிப் பார்த்தார். இன்னொரு பட்டையை எடுத்துக் கொடுத்தார்.

இரண்டாவது அலகைத் துவைக்கும்போது, "கதவைச் சாத்துங்க தம்பி, வெயில்ல நெறம் தெரியாது" என்றார். அரையிருட்டில் பார்த்தால்தான் சிவப்பின் படிகள் கண்ணுக்குப் பிடிபடுகின்றன. என்னிடம் ஒரு காந்தம் இருந்தது. ஏறத்தாழ 770 டிகிரி செல்சியசில் இரும்பு காந்தத்தில் ஒட்டுவதை நிறுத்திவிடும். அதற்கும் சற்று மேலே துவைக்கும் சூடு. காந்தம் ஒட்டாமற்போய்ச் சில நொடிகள் கழிந்ததும் அவர் தலையசைத்தார். காந்தம் சொன்னதை அவர் கண் தானே கண்டுகொண்டது.

அலகு முழுவதையும் அவர் முக்கவில்லை. வாய்ப்பக்கம் மட்டும் தண்ணீரில் தொட்டு எடுத்து, சாணைக்கல் துண்டால் தேய்த்து வெளுக்கவைத்தார். முதுகில் மிச்சமிருந்த சூடு மெல்ல வாயை நோக்கி இறங்கியது. வெள்ளை உலோகத்தின்மேல் வைக்கோல் நிறம் படர்ந்தது. அதன் பின்னால் ஊதா, நீலம். வைக்கோல் நிறம் விளிம்பைத் தொட்ட கணத்தில் முழுதாக அமிழ்த்தினார். துவைத்த எஃகு கண்ணாடிபோலக் கடினம், கண்ணாடிபோலவே உடையும். அந்தக் கடினத்தில் கொஞ்சத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டால்தான் அது கத்தி. வைக்கோல் நிறம் என்றால் சுமார் 220 டிகிரி. வீட்டில் தனியாகச் செய்கிறவர்கள் எண்ணெயில் துவைத்து, மின்னடுப்பில் 200 டிகிரிக்கு இரண்டிரண்டு மணி நேரமாக இருமுறை வைத்து எடுக்கலாம். லாரிப் பட்டைக்கு எண்ணெய்தான் பத்திரம். தண்ணீர், பழகிய கைக்கு மட்டும்.

காம்பில் பிடி ஏறி, சாணை பிடித்து, பிசிறு எடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அன்று மாலை வெறும் கத்தியைத் துணிப்பையில் போட்டு எடுத்து வந்தேன். பையின் அடி கிழிந்து, கத்தி என் பாதத்துக்கு அரையடி தள்ளித் தரையில் குத்தி நின்றது. பக்கத்தில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். உறை இல்லாத கத்தி முடியாத வேலை என்று அந்த இடத்தில் தெரிந்தது.

பேருந்து நிலையத்தருகே செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன். என் கையிலிருந்த மென்மையான குரோம் தோலை மடக்கிப் பார்த்து, "இது பர்சுக்கு ஆகும் சார். கத்திக்கு ஆவாரந்தோல் வேணும்" என்றார். குரோமில் பதனிட்ட தோல் நனைத்து அமுக்கினாலும் வடிவம் நிற்காது. பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் நிற்கும். திண்டுக்கல், திருச்சி, ஈரோட்டுப் பக்கங்களில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடுவது நெடுநாள் வழக்கம். வேலியோரம் மஞ்சளாய்ப் பூக்கும் அந்த ஆவாரைக்கு ஆங்கிலத்தில் 'டேனர்ஸ் கேசியா' என்று பெயர். தோல் பதனிடுவோரின் கொன்றை என்று பொருள். மூன்று மில்லிமீட்டர் கனத்தில் ஒரு துண்டு கிடைத்தது.

முதல் உறையை இரண்டு தோலும் நேராக ஒட்டும்படி தைத்தேன். ஒரே வாரத்தில் கத்தி தன் தையலைத் தானே அறுத்தது. வாய் உரசும் ஓரத்தில் இரண்டு தோலுக்கும் நடுவே ஒரு தோல்வார் வைக்க வேண்டும் என்று பெரியவர் காட்டினார். கூர் அந்த வாரில் படும், நூலில் படாது. ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி. குத்தூசி போட்ட ஒவ்வொரு துளையிலும் இரண்டும் எதிரெதிராக நுழைந்து வர வேண்டும். ஒரு பக்கத்து நூல் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்து நிற்கும். தைத்து முடித்ததும் தோலை நனைத்து, பாலித்தீன் சுற்றிய கத்தியை உள்ளே விட்டு, விரலால் அமுக்கி அமுக்கி உருப்படிய வைத்து, நிழலில் காயவிட்டோம். மறுநாள் கத்தி உறைக்குள் போனபோது சின்னதாக ஒரு பிடிப்புத் தெரிந்தது. கவிழ்த்தாலும் விழவில்லை.

நான் அந்த இருவருக்கும் கடன்பட்டவன். அலகின் கூரை ஒருவர் தந்தார், அதைப் பாதுகாப்பாக எடுத்துச் செல்லும் வழியை மற்றவர் தந்தார். இரண்டு தொழிலையுமே நம் சமூகம் உரிய மதிப்பில் வைத்ததில்லை. கடையில் அச்சில் வார்த்ததுபோல் அடுக்கியிருக்கும் கத்திக்குக் கேட்ட விலை கொடுக்கிறோம், பட்டறையில் பேரம் பேசுகிறோம். அது தவறு.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு என் வார்த்தை இவ்வளவுதான். நாலு அங்குலத்துக்கு மேல் ஆசைப்படாதீர்கள். அரம் பிடிக்கும்போது கண்ணாடியும், சாணையில் முகமூடியும் போடுங்கள். உங்கள் ஊர் ஆசாரியிடம் கூலி கொடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள். உறையை முடிக்காமல் கத்தியை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். ஆனால் நாட்கணக்கில் உறைக்குள்ளேயே போட்டும் வைக்காதீர்கள். தோல் ஈரம் பிடிக்கும், அலகு துருவேறும். தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசி அழகாக வீட்டில் இருப்பதையும், அதியமானுடையவை போரில் சிதைந்து கொல்லன் கொட்டிலில் கிடப்பதையும் ஔவை ஒப்பிட்டதைப் புறநானூற்றில் படித்திருப்பீர்கள். நம் கத்திக்குப் போர் வேண்டாம், தோட்டம் போதும். உழைத்து மழுங்கட்டும். மழுங்கியதும் தூக்கி எறியாமல், அதே பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள்.