அவிழாத முடிச்சு

மர்மம் துலங்காத கதை முற்றுப்பெறாத கதை என்பர் நம் விமர்சகர் சிலர். அமானுஷ்யக் கதையும் அறிவியற் புனைவும் வாழ்க்கையை விட்டோடுவோரின் புகலிடம் என்பது அவர்தம் தீர்ப்பு. இதனை நாம் ஏற்பதற்கில்லை.

புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ (1943) முடிகையிலும் அவள் பேயா பெண்ணா என்ற ஐயம் தீர்வதில்லை. தீர்ந்திருப்பின் எஞ்சுவது வெறும் பேய்க்கதையே. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கும், 1973இல் வெளிவந்த ‘ரெண்டெவூ வித் ராமா’வில், விண்கலத்தைச் சமைத்தவர் யாரென்று கூறாமலே அதனைப் போகவிட்டார். (ஆசிரியனுக்கே விளங்காத குழப்பத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை; அது வேறு, இது வேறு.)

ஐயம் என்பது மலையகத்தாருக்குக் கற்பனைப் பொருளா? 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் நோக்குவதற்கென விட்டுவைத்தது. எண்ணிக்கை இருந்தது, பெயர்கள் இல்லை. அந்த ஒன்றரை இலட்சத்துள் தாமும் ஒருவரோ என்றறியாமல் 1974 வரை மக்கள் கொழுந்து பறித்தனர். எந்த விண்வெளிக் கதை இதனை விஞ்சும்?

பதுளையிலிருந்து ஏறிவரும் புகையிரதம் தெமோதரை நிலையத்துக்கு அடியிலே சுரங்கத்துட் புகுந்து, மலையைச் சுற்றி வளைந்து, மேலே அதே நிலையத்தை வந்தடைகிறது. பொறியியலாளருக்கு அது ஏற்றக் கணக்கு. பதுளையில் ஏறித் தலைமன்னார்க் கப்பலுக்குச் சென்றவர்களுக்கு? விட்ட இடமும் சேரும் இடமும் ஒன்றா என்று அவர்கள் மருண்டதை, விடை கூற மறுக்கும் புனைவாக எழுத நம் சங்கத்திலேனும் எவரும் உளரா?