கூடுதலாகப் பத்து கெஜம்

கோல்ஃப் ஆட்டத்தில் தூரத்துக்கென்று தனி மதிப்பெண் எதுவும் கிடையாது. நம் ஊர்க் கிட்டிப்புள்ளில் அடிபட்ட புள் எத்தனை தொலைவில் போய் விழுந்தது என்பதைக் கோலால் அளந்து எண்ணுகிறோம். அந்த எண்ணிக்கையே வெற்றியைத் தீர்மானிக்கிறது. கோல்ஃபிலோ 300 கெஜம் பறந்த வீச்சும் ஒன்றுதான். குழியோரத்தில் ஒரு சாண் உருட்டிவிட்ட வீச்சும் ஒன்றுதான். ஆயினும், இந்த ஆட்டத்தைத் தொட்டவர் எவரும் முதல் வீச்சின் தூரத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதில்லை. எண்பது வயதுக்காரரும் இன்னும் பத்து கெஜம் கிடைக்காதா என்று ஏங்குகிறார். அந்த ஏக்கத்தை நம்பி மட்டைத் தொழிற்சாலைகளும் பயிற்சியாளர்களும் உடற்பயிற்சிக் கூடங்களும் வாழ்கின்றன.

இவ்வேக்கத்தைப் பற்றி இரு சாரார் இருவிதமாகப் பேசுவதைக் கேட்கிறோம். தூரமே எல்லாம் என்கிறது ஒரு சாரார். தூரம் வெறும் பகட்டு, உண்மையான கலை குழியருகே ஆடும் நுண்ணிய வீச்சுகளில்தான் இருக்கிறது என்கிறது மற்றொரு சாரார். இலக்கிய மனம் படைத்தவர்கள் பெரும்பாலும் இரண்டாவது கட்சியில்தான் சேர்வார்கள். மென்மை நமக்குப் பிடிக்கும், தசைவலிமை நமக்குக் கூச்சம் தரும். ஆனால் அந்தக் கட்சி தோற்றுப்போய்ச் சில ஆண்டுகளாகின்றன. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, தொழில்முறை ஆட்டக்காரர்களின் வீச்சுகள் ஒவ்வொன்றையும் கணக்கிட்டு ஆராய்ந்து, தம் முடிவுகளை 2014இல் நூலாக வெளியிட்டார். தலைசிறந்தவர்களை மற்றவர்களிடமிருந்து பிரிக்கும் இடைவெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீண்ட வீச்சுகளிலிருந்தே வருகிறது என்பது அவர் கண்டது. ஆகவே தூரமும் ஒரு திறனே. அதைப் பகட்டு என்று ஒதுக்கிவிட முடியாது.

அத்திறன் எங்கிருந்து வருகிறது? பலர் நினைப்பதுபோல ஓங்கி அடிப்பதிலிருந்து வருவதில்லை. மட்டைத் தலையின் வேகம் மணிக்கு ஒரு மைல் கூடினால் தூரம் ஏறத்தாழ இரண்டரை கெஜம் கூடும் என்பது பொதுவான கணக்கு. அந்த வேகம் தோளில் பிறப்பதன்று, தரையில் பிறப்பது. முன்கால் தரையை அழுத்த, இடுப்பு முதலில் திரும்ப, அதைத் தொடர்ந்து மார்பும் கைகளும் திரும்ப, எல்லாவற்றுக்கும் கடைசியாக மட்டை வந்து சேர்கிறது. சாட்டையின் நுனி போல. ஓங்கி அடிக்கத் துடிப்பவர் கைகளை முதலில் இழுத்துவிடுகிறார். வரிசை குலைகிறது, வேகமும் போகிறது. அடுத்தது, பந்து மட்டை முகத்தின் நடுவில் படுவது. சரியாகப் பட்டால் பந்தின் வேகம் மட்டையின் வேகத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். ஒரு விரலகலம் தள்ளிப் பட்டாலே அது கணிசமாகக் குறைந்துவிடும். மட்டை முகத்தில் சிறிது பவுடரைத் தெளித்து அடித்துப் பார்த்தால், எங்கே படுகிறது என்பதற்குச் சுவடு கிடைக்கும். புதிய மட்டை வாங்குமுன் இந்தச் சோதனையைச் செய்பவர்கள் மிகச் சிலரே.

மூன்றாவதாகப் பந்தின் சுழல். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த பீட்டர் கத்ரி டேட் என்னும் பேராசிரியர் 1890களில் கோல்ஃப் பந்தின் பாதையை ஆராய்ந்தார். சுழல் என்றாலே பிழை என்று ஆட்டக்காரர்கள் கருதிய காலம் அது. பின்னோக்கிய சுழல்தான் பந்தைக் காற்றில் தாங்கிப் பிடிக்கிறது, அது இல்லாவிட்டால் பந்து வெகு சீக்கிரம் விழுந்துவிடும் என்று அவர் நிறுவினார். அவருடைய மகன் ஃப்ரெடி டேட் 1896இலும் 1898இலும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்றவர். 1900இல் போயர் போரில் மாண்டார். தந்தையின் சூத்திரமும் மகனின் வீச்சும் ஒரே வீட்டில் இருந்தன என்பது நமக்கு வியப்பாகவே இருக்கிறது. பின்சுழல் மிகுந்தால் பந்து மேலெழுந்து அங்கேயே தொங்கும் என்பது இதன் மறுபக்கம். பந்தைச் சற்று உயர்த்தி, முன்காலின் குதிங்காலுக்கு நேராக வைத்து, மேல்நோக்கி ஏறும் மட்டையால் சந்தித்தால் சுழல் குறைந்து தூரம் கிடைக்கும்.

இவையெல்லாம் ஆடுபவர் தாமே ஈட்டிக்கொள்ளும் தூரம். விலைக்கு வாங்கிய தூரம் என்று ஒன்று இருக்கிறது. நம் வழக்கு அதைப் பற்றியது.

இறகு திணித்த தோல்பந்தின் இடத்தை 1848 வாக்கில் கட்டாபெர்ச்சாப் பந்து பிடித்தது. மலாயாக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால் அது. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகவும் அதுவே வேண்டியிருந்ததால், அம்மரங்கள் பெருமளவில் வெட்டிச் சாய்க்கப்பட்டன. அந்தப் பந்து புதிதாய் வழவழப்பாக இருக்கையில் சரியாகப் பறக்காமல், அடிபட்டு வடுக்கள் விழுந்த பிறகே நன்றாகப் பறந்தது என்பதை ஆட்டக்காரர்கள் கவனித்தார்கள். இன்றைய பந்தின் குழிவுகளுக்குத் தொடக்கம் அதுதான். 1898இல் ரப்பர் நூல் சுற்றிய ஹாஸ்கல் பந்து வந்தது. 1979இல் மரத்தலைக்குப் பதில் உலோகத்தலை மட்டை, 2000இல் டைட்லிஸ்ட் நிறுவனத்தின் புரோ வி1 பந்து. 1980இல் அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றில் முதலிடம் பெற்ற டான் போலின் சராசரி 274.3 கெஜம். 1997இல் ஜான் டேலி முதன்முதலாக 300ஐத் தாண்டினார். 2023இல் அந்தச் சுற்றில் ஆடிய எல்லோருடைய சராசரியே ஏறத்தாழ 300. நாற்பது ஆண்டுகளில் மனித முதுகெலும்பு இவ்வளவு மாறியிருக்க இயலாது. பயிற்சியும் உடல்வலுவும் ஒரு பங்கு என்பதை மறுக்கவில்லை. மீதி ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்டது.

இதற்கு எதிர்ச்சான்றாக பிரைசன் டிஷாம்போவைக் காட்டுவார்கள். இயற்பியல் பயின்ற அவர், 2020இல் தம் உடலைத் திட்டமிட்டுப் பருக்கவைத்து, அவ்வாண்டு விங்டு ஃபுட் திடலில் யு.எஸ். ஓப்பன் பட்டத்தை வென்றார். நான்கு நாளில் 56 ஃபேர்வேக்களில் 23இல் மட்டுமே அவர் பந்து விழுந்தது. புற்காட்டில் விழுந்தாலும் குழிக்கு அருகில் விழுந்தால் போதும் என்பது அவர் கணக்கு, அக்கணக்கு பலித்தது. அடுத்த ஆண்டு பே ஹில்லில் ஏரியைச் சுற்றிப் போகவேண்டிய ஆறாவது குழியில், ஏரிக்கு மேலேயே 370 கெஜம் அடித்துவிட்டு இரு கைகளையும் உயர்த்தி நின்றார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்தக் காட்சியில் ஒரு காவியத்தன்மை இருந்ததை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் அதே மனிதர் 2024இல் பைன்ஹர்ஸ்ட்டில் மீண்டும் அப்பட்டத்தை வென்றது எப்படி? கடைசிக் குழியில், ஏறத்தாழ 55 கெஜத் தொலைவிலிருந்த மணற்குழியிலிருந்து பந்தை மெல்ல எடுத்துக் குழிக்குச் சில அடி அருகே கொண்டுபோய் நிறுத்தினார். ஒரே ஒரு வீச்சு வேறுபாட்டில் அவரிடம் தோற்ற ரோரி மெக்கில்ராயும் நெடுந்தூரம் அடிப்பவர். அவர் தவறவிட்டவை கடைசிக் குழிகளில் மிகச் சிறிய உருட்டல்கள்.

தூரம் கூடினால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். நிலம் கெடுகிறது. 1990களின் இறுதியில் 6,985 கெஜமாக இருந்த அகஸ்டா நேஷனல் திடல் 2023இல் 7,545 ஆக நீண்டது. அதன் பதின்மூன்றாவது குழியை 35 கெஜம் பின்னுக்குத் தள்ள, அண்டையிலிருந்த மற்றொரு கோல்ஃப் மன்றத்திடம் நிலம் வாங்கினார்கள். அகஸ்டாவிடம் பணம் இருக்கிறது, வாங்கிற்று. சுற்றிலும் ஊர் வளர்ந்துவிட்ட ஒரு பழைய திடலுக்கு அவ்வழி இல்லை. நீளும் ஒவ்வொரு கெஜத்துக்கும் தண்ணீரும் உரமும் வெட்டுகூலியும் வேண்டும். 7,000 கெஜத்துக்குட்பட்ட மெரியன் திடலில் 2013இல் யு.எஸ். ஓப்பன் நடந்தபோது, வென்ற ஜஸ்டின் ரோஸே பாருக்கு ஒன்று கூடுதலாகத்தான் முடித்தார் என்பது உண்மையே. ஆனால் குறுகிய பாதையும் அடர்ந்த புல்லும் கொண்டு திடலை முறுக்கித்தான் அதைச் சாதித்தார்கள்.

எனவே 2023 டிசம்பரில் ஆர் அண்டு ஏ அமைப்பும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் அறிவித்த முடிவை நாம் வரவேற்கிறோம். பந்தைச் சோதிக்கும் மட்டை வேகத்தை மணிக்கு 120 மைலிலிருந்து 125 ஆக உயர்த்துவது, ஆனால் பந்து தாண்டக்கூடாத 317 கெஜ வரம்பை அப்படியே வைத்திருப்பது என்பது அம்முடிவு. நெடுந்தூரம் அடிப்பவர்களுக்கு 13 முதல் 15 கெஜம் குறையும். சாதாரண ஆட்டக்காரர்களுக்கு ஐந்து கெஜமோ அதற்கும் குறைவோ என்பது அவர்களுடைய மதிப்பீடு. அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றும் பந்து செய்வோர் சிலரும் எதிர்த்தனர். திறமையைத் தண்டிக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். வெண்பாவுக்குத் தளை விதித்ததால் புலவர்கள் தண்டிக்கப்பட்டார்கள் என்று யாரும் சொன்னதில்லை. எல்லோருக்கும் ஒரே பந்து குறையும்போது வலியவர் வலியவராகவே இருப்பார்.

சாதாரண ஆட்டக்காரர் அந்த ஐந்து கெஜத்துக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. அவருக்கு இதைவிடப் பெரிய தூரம் சும்மாவே கிடைக்கிறது. 2011இல் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் அந்நாட்டுப் பயிற்சியாளர் சங்கமும் சேர்ந்து, தம் வலுவுக்கேற்ற முன்வரிசை டீயிலிருந்து ஆடுங்கள் என்று ஓர் இயக்கம் நடத்தின. முப்பது நாற்பது தப்படி முன்னால் நடந்து போய் அடித்தால், எந்த மட்டையாலும் தரமுடியாத தூரம் கைக்கு வந்துவிடுகிறது. ஆனால் 200 கெஜம் அடிப்பவர்களும் பின்வரிசைக்கே போய் நிற்கிறார்கள். முன்வரிசையின் சிவப்புக் குறிகளுக்குப் 'பெண்கள் டீ' என்று பெயர் வழங்கிவிட்டதே காரணம். அந்தக் கூச்சத்தைப் போக்கச் சில திடல்களில் நிறங்களையே எடுத்துவிட்டு எண்களை எழுதிவைத்திருக்கிறார்கள்.