நகரம் யாருக்குச் சொந்தம்?

கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு 1875ஆம் ஆண்டில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார் என்று சரித்திரம் குறித்து வைத்திருக்கின்றது. அத்துறைமுகத்திலே கப்பல்களுக்குக் கரி சுமந்த தொழிலாளரின் பெயர்களை எவரும் குறித்து வைக்கவில்லை. தமிழகத்திலிருந்து வந்தோர் மூட்டை சுமந்தனர்; தெருக் கூட்டினர். கேரளத்திலிருந்து வந்தோர் ஆலைகளில் உழைத்தனர். கிராமங்களிலே பிழைப்பிழந்த சிங்கள மக்களும் வேலை தேடி வந்து சேர்ந்தனர். ஒல்லாந்தர் காலத்தில் கொண்டுவரப்பட்ட மலாயரின் வழித்தோன்றல்கள் கொம்பனித்தெருவிலே வாழ்ந்தனர். இவர்களுள் வந்தேறி யார், வராதவர் யார்?

பசிக்கு மொழி இல்லை என்பதை இந்நகரத்துத் தொழிலாளர் ஒருகாலத்தில் நன்குணர்ந்திருந்தனர். 1893இல் அச்சகத் தொழிலாளரும், 1906இல் வண்டிக்காரரும் வேலைநிறுத்தம் செய்து வழிகாட்டினர். 1923ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தத்தில் திரு. ஏ. ஈ. குணசிங்காவின் தலைமையின் கீழ்ப் பல இனத் தொழிலாளரும் ஒன்றுதிரண்டனர். 1927இல் துறைமுகத் தொழிலாளர் போராடினர். 1929இல் டிராம் தொழிலாளர் போராடியபோது மருதானையிலே துப்பாக்கிகள் முழங்கின. அந்நாளில் எத்தொழிலாளியும் அருகில் நின்றவனின் பிறந்த ஊரை விசாரித்தானல்லன்.

பின்னர் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. வேலை அருகியது, கூலி குறைந்தது. குறைத்தவர் முதலாளிமார், பழி சுமந்தவனோ மலையாளித் தொழிலாளி! 1933இல் வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, ஆலையில் இந்தியத் தொழிலாளரே பெரும்பான்மையினர். 1923இன் தலைவராகிய அதே குணசிங்கா இப்போது அவர்களை எதிர்த்து நின்றார். சங்கத்தின் தலைமையை ஏற்று அவர்களுக்குத் துணைநின்றவர் இளம் வழக்கறிஞர் கொல்வின் ஆர். டி சில்வா. மலையாளி எதிர்ப்பு அதன் பின்பும் மேடைதோறும் வளர்க்கப்பட்டது.

மேடைப் பேச்சு அரசாங்கக் கட்டளையாக மாற நெடுங்காலம் செல்லவில்லை. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலி பெற்ற இந்தியத் தொழிலாளரை நீக்கும் திட்டம் வந்தது. இந்திய அரசும் இலங்கைக்குத் தொழிலாளர் புறப்படுவதைத் தடைசெய்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இந்திய வம்சாவளியினரான பல லட்சம் மக்களை நாடற்றவராக்கியது. எஞ்சிய நாடற்றோருக்கும் உரிமை வழங்கும் சட்டம் வருவதற்கு 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் பிறகு சிங்களத் தொழிலாளியின் அடுப்பிலே அரிசி கூடுதலாக வெந்ததா என்று கேட்கின்றோம்.

ஒருவன் இவ்விடத்துக்கு உரியவனா என்று அளக்கும் கோலை அதிகாரத்தின் கையிற் கொடுத்தால், அக்கோல் ஒருவரோடு நிற்பதில்லை. 2007 ஜூன் 7ஆம் நாள் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். உயர் நீதிமன்றம் மறுநாளே தடையுத்தரவு பிறப்பித்தது. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பிரசை ஒவ்வொருவருக்கும் தாம் விரும்பிய இடத்தில் வதியும் சுதந்திரத்தைத் தந்திருந்தும், அதை நிலைநாட்ட நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

2010ஆம் ஆண்டில் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்திலேயே கொம்பனித்தெருவின் மியூஸ் வீதி வீடுகள் இடிக்கப்பட்டன. பின்னர் தெமட்டகொடை முதலிய இடங்களின் அடுக்குமாடிகளுக்குப் பெயர்க்கப்பட்டோருள் தமிழரும் முஸ்லிம்களும் மாத்திரமல்லர், சிங்களவரும் இருந்தனர். மண்ணின் மைந்தர் என்ற பட்டம் அவர்களுடைய குடிசையைக் காத்ததா?

நகரம் அழகுபெற வேண்டாமென்று நாம் கூறவில்லை. முடுக்கு வீட்டிலே வாழ்வோருக்கு நல்ல வீடு கிடைப்பதை வரவேற்கின்றோம். ஆயின், குடியிருப்போரின் வாதத்தைக் கேளாமல் ஒரு கதவும் உடைக்கப்படலாகாது. மாற்று வீடு தருவதாயின், அதற்குரிய உறுதி அவர்தம் கையிலே எழுத்தில் வழங்கப்பட வேண்டும். பிழைக்கும் தொழிலுக்கு எட்டாத தொலைவிலே எவரையும் குடியேற்றலாகாது. இவை கருணையாகக் கேட்கப்படுவன அல்ல, உரிமையாகக் கேட்கப்படுவன.

இவற்றைப் பெறும் வழியை 1923 காட்டியது. இழக்கும் வழியை 1933 காட்டியது. எவ்வழியிற் செல்வதென்பதை இந்நகரத்தின் உழைக்கும் மக்களே முடிவுசெய்தல் வேண்டும்.