சாது நாய்க்கு எதற்குப் பழக்கம்?

சென்ற வாரம் எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் ஒரு விவாதம். சக பேராசிரியர் ஒருவர் லாப்ரடார் குட்டி வாங்கியிருக்கிறார். 9 வாரக் குட்டி. தாயும் தந்தையும் சாதுவானவை என்று நேரில் பார்த்தே வாங்கினாராம். “வெளியாட்களிடம் பழக்குகிறீர்களா?” என்று கேட்டேன். “சுபாவத்திலேயே நிதானமான குட்டி சார். அதற்கு எதற்குப் பழக்கம்? தடுப்பூசியெல்லாம் முடிந்து நான்கு மாதம் ஆகட்டும்” என்றார். அறையிலிருந்தோர் அனைவரும் ஆமோதித்தார்கள். நான் மறுக்கத் தொடங்குமுன் மணி அடித்துவிட்டது. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

குணம் பிறப்போடு வருகிறது என்பதை நான் மறுக்கவில்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பார் ஹார்பரில், ஐந்து இன நாய்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த ஸ்காட், ஃபுல்லர் இருவரும் 1965இல் அதைப் பெருநூலாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதே ஆய்வு மரபில் 1961இல் ஃப்ரீட்மன், கிங், எலியட் மூவரும் வெளியிட்ட சோதனையையும் நாம் மறக்கலாகாது. உயர்ந்த வேலியிட்ட திறந்தவெளியில், தாயோடு, மனிதத் தொடர்பே இன்றிக் குட்டிகளை வளர்த்தார்கள். சிலவற்றை 2, 3, 5, 7, 9ஆம் வாரங்களில் ஒரு வாரம் மட்டும் வெளியே எடுத்து மனிதரோடு பழக்கினார்கள். வேறு சிலவற்றை 14ஆம் வாரம் வரை தொடவே இல்லை. உரிய வயதில் அந்த ஒரு வாரம் வாய்த்த குட்டிகள் மனிதரை ஏற்றுக்கொண்டன. 14 வாரம் காத்திருந்தவை காட்டு விலங்குகளைப் போல் மிரண்டன. அவை காக்கர் ஸ்பானியல், பீகிள் குட்டிகள். முரட்டு இனங்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

“வீட்டுக்குட்டி மனிதரைப் பார்த்துக்கொண்டுதானே வளர்கிறது?” என்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு என் வீட்டிலேயே விடை உண்டு. எங்கள் நாயும் லாப்ரடார்தான். ஐந்து மாதம் வரை அதைப் படி தாண்ட விடவில்லை. எங்கள் நால்வரிடம் அதன் நிதானம் கண்டு ஊரே மெச்சும். ஒருநாள் என் பெரியப்பா விரித்த குடையோடு வாசலில் நின்றார். கட்டிலுக்கடியில் புகுந்த நாய் அன்றிரவு வரை வெளியே வரவில்லை. குடை, தலைக்கவசம், ஊன்றுகோல் எதைக் கண்டாலும் கடைசிவரை அதற்கு நடுக்கம்தான். அது யாரையும் கடித்ததில்லை. ஆகவே அதற்கு ஒரு குறை உண்டென்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. சாது நாய்க்கு நேரும் அநீதி இதுதான்: குரைக்கும் நாயின் அச்சம் தெரு முழுதும் கேட்கிறது, சாது நாயின் அச்சம் கட்டிலுக்கடியில் கிடக்கிறது.

நாலடியாரில், எறிந்த வேல் உடலில் தைத்திருக்கும்போதும் எறிந்தவனைக் கண்டு வால்குழைக்கும் நாயைப் புகழும் பாடலொன்று உண்டு. நட்பைச் சொல்ல வந்த அப்பாடலை நான் வகுப்பில் பல ஆண்டுகள் மகிழ்ந்து நடத்தியிருக்கிறேன். இப்போது நடத்தும்போது சற்றே கூசுகிறது. பொறுத்துக்கொள்கிறது என்பதாலேயே அதற்கு ஒன்றும் தேவையில்லை என்று முடிவுகட்டுகிறோமே!

எதிர்முனையில் நிற்போரையும் விட்டுவிட முடியாது. ‘சோஷியலைசேஷன்’ என்ற பெயரில் குட்டியைத் திருமண மண்டபத்துக்குத் தூக்கிச் சென்று, கைக்குக் கை மாற்றி, பட்டாசுச் சத்தத்தில் நிறுத்தி, “பாருங்கள், ஒன்றும் செய்யவில்லை” என்று பெருமைப்படுவோர் உண்டு. உறைந்து நிற்பதை நிதானம் என்று கொள்வதும் அதே பிழையின் மறுபக்கமே.

அப்படியானால் எவ்வளவு வேண்டும்? நிதானமான குட்டிக்குக் கொஞ்சம் போதும் என்பதை ஒப்புகிறேன். திடுக்கிட்டாலும் அது விரைவில் மீள்கிறது. ஆனால் அந்தக் கொஞ்சம் ஏறத்தாழ 3 முதல் 12 வாரத்துக்குள் கிடைத்தாக வேண்டும். நாளுக்குப் பத்து நிமிடம், நாளுக்கொரு புதுமை: தாடிக்காரர், பள்ளிச்சிறுமி, குடை, ஆட்டோ, குக்கர் விசில். விலகிப்போக விரும்பினால் விலக விடவேண்டும். தடுப்பூசித் தொடர் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர் சங்கம் 2008லேயே அறிவித்தது. முதல் ஊசி போட்டு ஏழு நாள் கழிந்தால் குட்டிகளுக்கான பயிற்சி வகுப்பில் சேர்க்கலாம் என்பது அதன் நிலைப்பாடு. பார்வோ நோய்க்கு அஞ்சவேண்டிய நம் தெருக்களில் குட்டியைத் தரையில் விடவேண்டாம். தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனையில் நிற்கலாமே! தோளில் இருக்கும் குட்டிக்கும் உலகம் தெரியும்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று குழந்தைக்குச் சொன்ன சமூகம் நாம். நண்பரே, உங்கள் குட்டியின் தொட்டிலுக்கு இன்னும் மூன்று வாரமே இருக்கிறது. திருத்தவேண்டிய விடைத்தாள் கட்டு காத்திருக்கும். குட்டியின் வயது காத்திராது. இன்று மாலையே அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வாருங்கள். நான் குடையோடு வருகிறேன்.