விறைப்பான ஸ்பிரிங்தான் வேகமான ஸ்பிரிங்கா?

காரை மாற்றியமைக்கும் கடைகளில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். “சிப்பாங்கில் ஓட்டப் போகிறாயா? ஆறு கிலோ போதாது, பத்து கிலோ ஸ்பிரிங் போடு.” கிலோ கூடக் கூட சாதாரண கார் பந்தயக் காராகிவிடும் என்ற நம்பிக்கை அந்தப் பேச்சில் இருக்கிறது. அது தவறான நம்பிக்கை என்பது என் கருத்து. சரிபார்க்க உங்கள் இயற்பியல் பாடநூலே போதும்.

முதலில் அந்தக் ‘கிலோ’வைப் பார்ப்போம். எட்டு கிலோ ஸ்பிரிங் என்றால் அதன் எடை எட்டு கிலோ அல்ல. அதை ஒரு மில்லிமீட்டர் அமுக்க எட்டு கிலோ பாரம் வேண்டும் என்று பொருள். நியூட்டன் கணக்கில், மில்லிமீட்டருக்குச் சுமார் 78.5. இது நீங்கள் படித்த ஹூக் விதிதான். ராபர்ட் ஹூக் இதை 1676-இல் எழுத்துகளைக் கலைத்துப்போட்ட புதிராக அச்சிட்டு, விடையை 1678-இல்தான் வெளியிட்டார். இன்றைய ஸ்பிரிங் கடைக்காரர்களும் பாதி விவரத்தைத்தான் சொல்கிறார்கள்!

அவர்கள் சொல்லாத மறுபாதி நெம்புகோல். பல கார்களில் ஸ்பிரிங் சக்கரத்தின் மேல் நேராக உட்காருவதில்லை. சக்கரத்தைத் தாங்கும் கையின் நடுவே எங்கோ நிற்கிறது. சக்கரம் 10 மில்லிமீட்டர் ஏறும்போது ஸ்பிரிங் 7 மில்லிமீட்டர்தான் அமுங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு கிலோ ஸ்பிரிங் அப்போது தரும் விசை சுமார் 550 நியூட்டன். ஆனால் அதே நெம்புகோல் வழியே சக்கரத்துக்கு வந்து சேர்வது அதில் 0.7 பங்கு, அதாவது 385 நியூட்டன். ஆக, சக்கரம் உணரும் விறைப்பு மில்லிமீட்டருக்கு 38.5 நியூட்டன், கடையில் சொன்ன எண்ணில் பாதிக்கும் குறைவு. விகிதம் இருமுறை குறுக்கிடுவதால் 0.7-இன் வர்க்கத்தால் பெருக்க வேண்டியிருக்கிறது. ஸ்பிரிங் சக்கரத்தையொட்டி நிமிர்ந்து நிற்கும் வேறொரு காரில் இந்த விகிதம் 0.95 ஆக இருக்கலாம். அங்கே அதே எட்டு கிலோ ஸ்பிரிங் சுமார் 71 நியூட்டனாகிவிடும்.

இனி அதிர்வெண். விறைப்பை நிறையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 2π-ஆல் வகுத்தால் அது கிடைக்கும். இரண்டு கார்களிலும் ஒரு முன்சக்கரத்தின் ஸ்பிரிங் 240 கிலோகிராம் தாங்குவதாகக் கொள்வோம். முதல் கார் நொடிக்கு 2 முறை அதிரும், இரண்டாவது 2.7 முறை. சாலைக் கார்கள் பொதுவாக 1 முதல் 1.5 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். வார இறுதியில் தடத்தில் ஓட்டும் விளையாட்டுக் காருக்கு 2 ஹெர்ட்ஸ் அளவு நல்ல தொடக்கம். ஆக, ஒரே ஸ்பிரிங் ஒரு காருக்கு அளவானது, இன்னொன்றுக்கு மிஞ்சிப் போனது. நண்பர் போட்டிருக்கும் கிலோவையே நாமும் போடுவது நண்பரின் மூக்குக்கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொள்வது போலத்தான்.

மிஞ்சிப் போனால் என்ன கெடுதல்? கார் சும்மா நிற்கும்போதே அதன் பாரத்தால் ஸ்பிரிங்குகள் ஓரளவு அமுங்கியிருக்கும். சக்கரத்தின் நகர்வாகக் கணக்கிட்டால் 1.3 ஹெர்ட்ஸ் காரில் இது சுமார் 15 சென்டிமீட்டர், 2 ஹெர்ட்ஸில் 6, 2.7 ஹெர்ட்ஸில் வெறும் 3.3 சென்டிமீட்டர். இப்போது சக்கரம் தடத்தின் ஓரக் கட்டையில் ஏறி மறுபுறம் சட்டென்று இறங்குகிறது. 3.3 சென்டிமீட்டர் இறங்கியதுமே, டயரைத் தரையோடு அழுத்த ஸ்பிரிங்கில் விசை மிச்சமில்லை. அழுத்தம் இல்லாத டயருக்குப் பிடிப்பும் இல்லை. அந்தக் கணத்தில் பிரேக்கை மிதித்தாலும் ஸ்டீரிங்கைத் திருப்பினாலும் அந்தச் சக்கரத்தால் பயனில்லை. தடத்திலாவது சறுக்கிப் போக இடமிருக்கும். அதே காரை ஓட்டிக்கொண்டுதானே வீடு திரும்ப வேண்டும்? நம் சாலைக் குழிகள் 3.3 சென்டிமீட்டரோடு நிற்பவை அல்ல.

அப்படியானால் விறைப்பே வேண்டாமா? வேண்டும். ஒட்டும் தன்மை மிகுந்த டயர் போட்டால் வளைவில் கார் அதிகம் சாயும், டயர் தரையைத் தொடும் கோணம் கெடும், அடிப்பாகம் உரசும். இவற்றைத் தடுக்கும் அளவுக்கு விறைப்பு தேவை. ஆனால் ‘விறைப்பான ஸ்பிரிங் போட்டால் வளைவில் எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுவது குறையும்’ என்பார்கள். அதை நம்ப வேண்டாம். மொத்தம் எவ்வளவு எடை மாறும் என்பதை முடிவுசெய்பவை காரின் நிறை, ஈர்ப்பு மையத்தின் உயரம், சக்கரங்களின் இடைவெளி, வளைவின் முடுக்கம் ஆகியவையே. அந்த எடை மாற்றத்தை முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதைத்தான் ஸ்பிரிங் மாற்றும்.

“ஃபார்முலா 1 கார் கல் மாதிரி இருக்கிறதே?” என்று கேட்பீர்கள். அதன் இறக்கைகளும் அடித்தளமும் காற்றைக் கொண்டு காரைக் கீழே அழுத்துகின்றன. வேகம் இரு மடங்கானால் அந்த அழுத்தம் நான்கு மடங்கு. மென்மையான ஸ்பிரிங் அதைத் தாங்காது. உங்கள் அண்ணனின் காரில் அப்படி எந்தக் காற்றழுத்தமும் இல்லை.

இதற்கு நேரெதிர் வழியில் போனவர் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன். மென்மையான ஸ்பிரிங், அதை அடக்கும் நல்ல ஷாக் அப்சார்பர்: இதுதான் 1962-இல் வந்த லோட்டஸ் எலான் காரின் பெருமை. 1996 முதல் 2017 வரை லோட்டஸின் பெரும்பங்கு நம் புரோட்டோனிடம் இருந்தது. லோட்டஸ் பொறியாளர்கள் பக்குவப்படுத்திய சத்ரியா ஜிடிஐ இன்றும் விரும்பப்படுவதற்கு அதன் வளைந்தோடும் திறனும் ஒரு காரணம்.

இன்னொன்று, மழை. 2009-இல் சிப்பாங்கில் நடந்த மலேசிய கிராண்ட் பிரி கனமழையால் பாதியில் நிறுத்தப்பட்டு, பாதிப் புள்ளிகளே தரப்பட்டன. ஈரத் தடத்தில் பந்தயக் குழுக்கள் பெரும்பாலும் விறைப்பைக் குறைக்கவே செய்யும். ஆண்டு முழுதும் மாலை மழை பெய்யும் ஊரில் வாழும் நாம் எதற்காகக் கூட்ட வேண்டும்?

பணம் மிச்சம் பிடிக்க ஸ்பிரிங்கை அறுத்துக் காரைத் தாழ்த்துபவர்களும் உண்டு. சுற்றுகள் குறைந்தால் விறைப்பு கூடும். பாதியாக அறுத்தால் இரு மடங்கு. பழைய ஷாக் அப்சார்பரால் அந்தத் துள்ளலை அடக்க முடியாது. வெட்டிய முனை தன் இருக்கையில் சரியாக உட்காரவும் செய்யாது.

அடுத்த முறை அண்ணனோ மாமாவோ புது ஸ்பிரிங் வாங்கக் கிளம்பும்போது நீங்களும் கூடப் போங்கள். ஒரு சக்கரத்தின் மேல் எத்தனை கிலோ, நெம்புகோல் விகிதம் என்ன என்று கடைக்காரரிடம் கேளுங்கள். மிச்சக் கணக்கைக் கைப்பேசியில் போட்டுவிடலாம்.