அறுபது நாள் மௌனம்

உள்ளாட்சிக்கு உரிமை வேண்டுமென்று மேடைதோறும் முழங்குகிறோம். முழங்குவது முறைதான். ஆயின், உரிமை பெற்ற உள்ளாட்சி எதற்குக் கையுயர்த்தும், எவர் முன்னே கைகட்டி நிற்கும் என்பதையும் தோழர்கள் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். அதற்குப் பாடமாக அமைந்த ஏரியொன்று அமெரிக்காவிலே இருக்கிறது.

தாகோ என்பது அதன் பெயர். சியரா நெவாடா மலைமடியில், 1,645 அடி ஆழங்கொண்டு, நீலப் பளிங்கெனக் கிடக்கிறது. மூன்றில் இருபங்கு கலிபோர்னியா மாநிலத்திற்கு, எஞ்சியது நெவாடாவுக்கு. கோடையிலே படகு விடுவோரும், குளிர்காலத்திலே பனிச்சறுக்கு ஆடுவோரும் குவியும் இடம். 1960-ல் அருகிலிருந்த பள்ளத்தாக்கிலே குளிர்கால ஒலிம்பிக் நடந்த பின்னர் கூட்டம் பெருகிற்று. கூட்டம் பெருகவே விடுதி பெருகிற்று. விடுதி பெருகவே சாலையும் புழுதியும் பெருகின. நெவாடாவிலோ 1931 முதல் சூதாட்டம் சட்டம் அனுமதித்த தொழில். எல்லைக்கோட்டைத் தாண்டி ஓரடி வைத்தால் போதும், பணத்தை இழந்துவிடலாம் என்னுமாறு, கரையோரம் சூதாட்ட மாளிகைகள் எழுந்தன. வரி வருகிறது, வேலை கிடைக்கிறது என்று உள்ளூர் ஆட்சிகள் வரவேற்றன. ஆனால் புழுதியும் சேறும் எல்லைக்கோடு பார்த்தா நீரில் இறங்கும்?

எனவே 1969-ல் இரு மாநிலங்களும் உடன்படிக்கை கண்டன. அமெரிக்கக் காங்கிரஸ் இசைவளித்தது. குடியரசுத் தலைவர் நிக்சன் கையொப்பமிட்டார். தாகோ வட்டாரத் திட்ட ஆணையம் பிறந்தது. மாநிலத்திற்கு ஐவர் வீதம் பதின்மர். ஒவ்வோர் ஐவரிலும் மூவர் உள்ளூர் ஆட்சிகளின் பேராளர், இருவர் மாநில அரசின் சார்பினர். கேட்பதற்கு எவ்வளவு இனிமை! ஊரார் ஏரியை ஊராரே காக்கும் ஏற்பாடு!

நஞ்சு எங்கே இருந்தது தெரியுமா? வாக்கு விதியிலே இருந்தது. எந்த முடிவுக்கும் இரு மாநிலக் குழுக்களிலும் தனித்தனியே பெரும்பான்மை வேண்டும். 60 நாட்களுக்குள் முடிவு காணாவிடின், வந்த திட்டம் ஏற்கப்பட்டதாகவே கருதப்படும். கலிபோர்னியத் தரப்பு வேண்டாமென்றது, நெவாடாத் தரப்பு வேண்டுமென்றது, ஆணையம் எம்முடிவும் எடுக்கவில்லை, நாட்கள் கழிந்தன, பெரும் சூதாட்ட விடுதித் திட்டங்கள் அனுமதி பெற்றன! கலிபோர்னியா வழக்காடிற்று. விதி அப்படித்தான் இருக்கிறது என்று 1975-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது. காவலனை நியமித்துவிட்டு, அவன் வாய் திறவாவிடின் வீடு கள்வனுக்கு என்று எழுதிக் கொடுத்த கதைதான் இது.

உள்ளூராரே கெட்டவர் என்று எவரும் முடிவு கட்டிவிட வேண்டாம். தென் தாகோவின் உள்ளூர்ப் பொதுப்பணி அமைப்பு, ஆணையம் பிறப்பதற்கு முன்னரே, 1968-லேயே தன் கழிவுநீரைச் சுத்திகரித்து ஏரிப் படுகைக்கு வெளியே அனுப்பத் தொடங்கிவிட்டது. அரும்பணி அது. உள்ளூருக்கு அறிவு உண்டு, அக்கறையும் உண்டு. மாளிகைக்காரன் வரியை நீட்டும்போது தனித்து நின்று மறுக்கும் வலிமை மட்டுந்தான் எளிதில் வாய்ப்பதில்லை.

1980-ல் உடன்படிக்கை திருத்தப்பட்டது. மாநிலத்திற்கு எழுவர்; அவருள் உள்ளூர்ப் பேராளர் மூவர், மற்றவர் நால்வர். திட்டம் நிறைவேற வேண்டுமாயின், அது அமையும் மாநிலத்தின் ஐவர் உட்பட ஒன்பது வாக்குகள் வேண்டும். வாக்கெடுப்பிலே அவை கிட்டாவிடின், திட்டம் தள்ளப்பட்டதாகவே பொருள். உள்ளூரார் வெளியேற்றப்படவில்லை; மௌனத்தின் பொருள் மாற்றப்பட்டது. இருக்கைகளின் எண்ணிக்கையைவிட, நம் மதிப்பில், இந்த மாற்றமே பெரிது.

ஒரு குறையை மறைப்பதற்கில்லை. தாகோ என்ற பெயரே வாஷோ பழங்குடியினரின் மொழியிலிருந்து வந்தது. பல்லாயிரம் ஆண்டுகளாக அக்கரையிலே வாழ்ந்தவர்கள் அவர்கள். 1969 உடன்படிக்கையிலோ 1980 திருத்தத்திலோ அவர்களுக்கென்று ஓர் இருக்கை இல்லை. உள்ளூர் என்ற சொல்லுக்குள் முதல் உள்ளூரான் அடங்கவில்லை!

பூசலும் ஓய்ந்தபாடில்லை. கட்டுப்பாடு மிகுதி என்று கூறி, உடன்படிக்கையிலிருந்து விலகப் போவதாக 2011-ல் நெவாடா சட்டமே இயற்றிற்று; பேச்சு நடத்தி, 2013-ல் அதைத் திரும்பப் பெற்றது. இதற்கிடையே ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் வெண்தட்டொன்றை நீரில் இறக்கி, எத்தனை அடிவரை கண்ணுக்குத் தெரிகிறதென்று அளந்து வருகின்றனர். 1968-ல் ஏறத்தாழ 102 அடி. 2024-ல் 62 அடி.