சாவியை எடுத்த பிறகு

பழைய காரில் ராஸ்பெரி பை என்ற சிறு கம்ப்யூட்டரைப் பொருத்திப் பாட்டு கேட்கலாமா, போகிற வழியெல்லாம் கேமராவில் பதிவு செய்யலாமா என்று கேட்டு வருகிற இளைஞர்களிடம் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "கரன்ட் எங்கிருந்து எடுக்கறது சார்?" லைட்டர் சாக்கெட்டில் யூஎஸ்பி சார்ஜரைச் செருகினால் பை ஓடத் தொடங்கிவிடும், அது சுலபம். சாவியை எடுத்ததும் அது எப்படி அணையப் போகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. வேலையே அங்கேதான் இருக்கிறது.

பல கார்களில் சாவியை எடுத்ததும் அந்த சாக்கெட்டில் மின்சாரம் நின்றுவிடும். பையில் ஓடும் லினக்ஸோ எழுதச் சொன்னதை எல்லாம் அந்தக் கணமே மெமரி கார்டில் எழுதிவிடாது. ரேமில் வைத்திருந்து, வழக்கமான அமைப்பில் 30 நொடி வரைகூடக் கழித்துத்தான் கார்டுக்கு அனுப்பும். கார்டும் ஒரு சிறு மாற்றத்துக்காகப் பெரிய தொகுதி ஒன்றையே அழித்துத் திரும்ப எழுதும். கணக்குப்பிள்ளை பேரேட்டின் பழைய பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கும்போது விளக்கை அணைத்த கதைதான். பல நாள் ஒன்றும் ஆகாது. ஒரு நாள் பை பூட் ஆகாமல் நிற்கும். ஃபைல் சிஸ்டத்தின் ஜர்னல் காப்பாற்றாதா என்பார்கள். ஜர்னல் கோப்புகளின் ஒழுங்கைக் காக்கும். கார்டுக்கு உள்ளே நேரும் சிதைவை அதனால் தடுக்க முடியாது.

ஆகவே சாவி நேரடியாகக் கம்ப்யூட்டரின் சுவிட்சாக இருக்கக் கூடாது. சாவி தகவல் சொல்லட்டும், அணைகிற வேலையைப் பை பார்த்துக்கொள்ளட்டும். இதற்கு இரண்டு வயர் வேண்டும். எப்போதும் மின்சாரம் உள்ள பேட்டரி வயர் ரிலே வழியாக 5 வோல்ட் கன்வர்ட்டருக்குப் போகும். சாவியோடு வந்துபோகும் ஏசிசி வயர், ஆப்டோகப்ளர் வழியாகப் பையின் ஒரு ஜிபிஐஓ பின்னுக்குப் போகும். அதை நேராக இணைத்துவிடாதீர்கள். பின் தாங்குவது 3.3 வோல்ட், வயரில் வருவது 12. ஏசிசி நின்றதும் பை ஷட்டவுனைத் தொடங்கும். முடித்ததை இன்னொரு பின் வழியே தெரிவித்த பிறகே ரிலே மின்சாரத்தை வெட்டும்.

நான் பிடிவாதமாக இருப்பது இதற்கு நடுவே உள்ள பொறுமையில். செல்ஃப் அடிக்கிற ஓரிரு நொடிகளில் பல கார்களில் ஏசிசி தானாகவே போய்வரும்; 12.6 வோல்ட் பேட்டரி 9-க்குக் கீழேகூட இறங்கும். அந்த இறக்கத்தைத் தாங்கும் கன்வர்ட்டராகப் பார்த்து வாங்க வேண்டும். ஏசிசி போன உடனே அணையும்படி நிரல் எழுதினால், வண்டி கிளம்பும்போதே பை அணையத் தொடங்கிவிடும். அரை நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அணையட்டும். பாதி ஷட்டவுனில் சாவி திரும்ப வந்தால், முழுதாக அணையவிட்டு, மின்சாரத்தை வெட்டி மறுபடி கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அணைந்த பை அணைந்தே கிடக்கும். பை ஹேங் ஆகிப் பதிலே சொல்லாவிட்டால், இரண்டு நிமிடத்தில் ரிலேயை வெட்டிவிட ஒரு டைமரும் வேண்டும். இவ்வளவையும் பார்த்துக்கொள்ளச் சிறிய மைக்ரோகன்ட்ரோலர் ஒன்று போதும்.

டைமர் எதற்கு என்கிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிறு காரின் பேட்டரி 35 ஆம்பியர்-அவர் என்றால் சுமார் 420 வாட்-அவர். அணையாமல் நின்ற பை, கன்வர்ட்டர் நஷ்டத்தையும் சேர்த்து 4 வாட் இழுத்தால், இரண்டு நாள் சொச்சத்தில் பேட்டரியில் பாதி காலி. வெள்ளிக்கிழமை இரவு நிறுத்திய வண்டி திங்கட்கிழமை காலை செல்ஃப் எடுக்கத் திணறும்.

நடுவில் ஒரு பவர் பேங்க் வைத்தால் தீர்ந்ததே என்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். சென்னை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டேஷ்போர்டு 60 டிகிரியைத் தாண்டிவிடும். சாதாரண லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. குழந்தைகள் ஏறும் வண்டியில் இந்த ஆபத்து வேண்டாம்.

பாட்டு மட்டும் போதும் என்பவருக்கு எளிய வழி உண்டு. பையின் அமைப்புகளை மாற்றும் ராஸ்பி-கான்ஃபிக்கில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை இயக்கிவிட்டால், மாற்றங்கள் எல்லாம் ரேமோடு நின்றுவிடும். பூட் பகுதியையும் எழுத முடியாதபடி பூட்டிவிட்டால் கார்டைப் பற்றிய கவலை பெரும்பாலும் போய்விடும்.

எந்த வழியில் போனாலும், பேட்டரியிலிருந்து இழுக்கும் வயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே 3 ஆம்பியர் ஃப்யூஸ் போடுங்கள். பையின் பக்கத்தில் போட்டால், வழியில் வயர் பாடியில் உரசித் தோல் உரிந்தால் ஃப்யூஸ் போகாது, வயர் எரியும். ஃப்யூஸ் இல்லாமல் வயர் இழுத்துத் தருகிற கடையில் வண்டியை விடாதீர்கள்.